ஆறு பருவம் சுமந்த 20 போர் பம்ப்: இடதுகைக்காரியின் மதிப்பீடு

முயல் வேட்டைக்குப் போகும் நாளில் துப்பாக்கி என் கையில் ஆறேழு மணி நேரம் இருக்கும். அதில் சுடுகிற நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் பத்து நொடி தேறாது. மற்றதெல்லாம் நடைதான். புதரைச் சுற்றுவது, பள்ளத்தில் இறங்கி ஏறுவது, நின்று காது கொடுப்பது, மறுபடி நடப்பது. பருவம் முடிய எத்தனை தோட்டா சுட்டேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். போன பருவத்தில் 19 நாள் நடந்திருக்கிறேன், சுட்டது 43 தோட்டா. சிறு வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் இந்த இரண்டு எண்களைத்தான் முதலில் காட்டுவேன். நாம் வாங்குவது பெரும்பாலும் தூக்கிக்கொண்டு நடக்கப்போகும் ஒரு பொருளை.

நான் ஐந்தடி இரண்டங்குலம். இடதுகைப் பழக்கம், இடது தோளில் வைத்துத்தான் சுடுவேன். நான் சொல்லப்போகும் எல்லாவற்றையும் இந்த இரண்டையும் மனதில் வைத்துப் படியுங்கள். ஆறடி உயர வலதுகைக்காரருக்கு இதில் பாதி பொருந்தாது.

இப்போது என்னிடம் இருப்பது இதாக்கா மாடல் 37 ஃபெதர்லைட், 20 போர் (குழலின் உள்ளளவைச் சொல்லும் எண், கணக்கு பின்னால் வரும்), 26 அங்குலக் குழல். பம்ப் வகை, அதாவது குழலுக்கு அடியிலுள்ள முன்பிடியை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது. 1980-களின் தொடக்கத்தில் செய்தது, எனக்குக் கை மாறி வந்தது. சமையலறைத் தராசில் வைத்தால் நிற்காது என்பதால், ஆள் எடை பார்க்கும் இயந்திரத்தில் துப்பாக்கியோடு ஏறி ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை என்று எடை பார்த்தேன்: 2.7 கிலோ. இதற்கு வந்து சேர்வதற்கு முன் இரண்டு துப்பாக்கிகள் என் கையைக் கடந்து போயின. அந்த இரண்டின் கதை இல்லாமல் இதை ஏன் வைத்திருக்கிறேன் என்று சொல்ல முடியாது.

முதலாவது ஒரு 12 போர் பம்ப். பெயர் வேண்டாம், நல்ல துப்பாக்கிதான், தவறு என் தேர்வில். 28 அங்குலக் குழல், தோட்டா போட்டால் 3.6 கிலோ. பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகும் மைதானத்தில் அதைத் தோளில் வைத்தபோது வெண்ணெயில் கத்தி போவதுபோல நகர்ந்தது. காட்டில் முதல் இரண்டு மணி நேரமும் அப்படித்தான். மூன்றாம் மணியில் குழல் முனை தாழத் தொடங்கியது. நான்காம் மணியில் தோள்வாரில் மாட்டிக்கொண்டு நடந்தேன். புதரிலிருந்து பாயும் முயல் அடுத்த மறைவுக்குப் போக இரண்டு மூன்று நொடி எடுக்கும். தோள்வாரிலிருந்து இறக்கி, திருப்பி, தோளில் பதிப்பதற்குள் அது போயே போய்விடும். அந்தப் பருவத்தில் நான் சுடாமல் விட்டவற்றில் பாதிக்கு மேல் துப்பாக்கி தோள்வாரில் இருந்ததால் விட்டவை.

அதனால் எதிர்ப்பக்கமாக ஓடினேன். 410 பம்ப் ஒன்று வாங்கினேன். இரண்டரைக் கிலோ. கையில் எடுத்ததும் குச்சி மாதிரி இருந்தது, அவ்வளவு சந்தோஷம். சுட்டால் தோளில் தட்டிக்கொடுப்பதுபோல இருக்கும். இரண்டு பருவம் அதோடு நடந்தேன். இரண்டாம் பருவத்தில் ஒரு சாம்பல் நிற முயலை, ஏறக்குறைய 30 மீட்டரில், பக்கவாட்டில் ஓடும்போது சுட்டேன். விழுந்தது. எழுந்தது. பின்கால்களை இழுத்துக்கொண்டே வேர்களுக்கு நடுவே இருந்த வளைக்குள் போய்விட்டது. கையை விட்டுத் துழாவினேன், மண்ணைத் தோண்டினேன், இருட்டும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு அந்த 410-ஐ வேட்டைக்கு எடுக்கவில்லை.

அன்று எங்கே தவறினேன் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டும்.

இரண்டரை அங்குல 410 தோட்டாவில் பொதுவாக இருப்பது அரை அவுன்ஸ் ரவை, அதாவது சின்னச் சின்ன ஈய உருண்டைகள், ஏறக்குறைய 14 கிராம். 6-ஆம் எண் ஈய ரவை அவுன்சுக்கு 225 என்று வைத்தால் மொத்தம் 112. 20 போரின் வழக்கமான தோட்டாவில் 7/8 அவுன்ஸ், 25 கிராம் பக்கம். அதே ரவை 197 வரும். 12 போரில் 1 1/8 அவுன்ஸ் என்றால் 250-ஐத் தாண்டும். ரவைகள் குழலை விட்டதும் விரிகின்றன. முயல் இருக்கும் தூரத்தில் 75 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் 120 ரவையாவது விழுந்தால்தான் அதன் உடம்பு அளவுக்கு நான்கைந்து ரவை உறுதியாகப் படும் என்பது வேட்டைக்காரர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு. 410 தோட்டாவில் மொத்தமே 112 இருக்கும்போது 120 எங்கிருந்து வரும்? அதை 20 மீட்டருக்குள் மட்டும், நின்ற இலக்கில், கை தேர்ந்தவர் பயன்படுத்தலாம். தொடக்கக்காரருக்கும் சிறுவருக்கும் ‘லேசானது, உதைக்காது’ என்று 410-ஐக் கையில் கொடுப்பதை எங்கே பார்த்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மிகத் தேர்ந்த கை வேண்டிய துப்பாக்கி அது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம், புதிதாக வருபவர்களுக்கு. 20 போர் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தை இருபது சம உருண்டைகளாகச் செய்தால் ஓர் உருண்டை அடைத்து நிற்கும் குழல், விட்டம் 15.6 மில்லிமீட்டர். 12 போருக்குப் பன்னிரண்டே உருண்டை, அதனால் பெரியது, 18.5 மில்லிமீட்டர். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். 410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது அங்குலத்தில் சொன்ன நேர் விட்டம், புள்ளி நான்கு ஒன்று பூஜ்யம்.

நடுவில் நிற்கும் 20 போர்தான் எனக்கு வேண்டியது என்பது அப்படி முடிவானது. எந்த 20 போர் என்பதில் இன்னொரு ஆண்டு போயிற்று.

என்னோடு நடக்கும் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கையில்தான் இந்த 37-ஐ முதலில் பார்த்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு அண்ணா, ஆனா இன்னும் லேசா ஒண்ணு கெடைக்குமான்னு பாக்குறேன்” என்றேன்.

“தூக்கிப் பாத்து முடிவு பண்ணாதம்மா. அந்தச் சுவரு ஓரமா முயல் ஓடுதுன்னு நெனச்சுக்க. குழலை அது கூடவே கொண்டு போ. விசையைத் தொடு. தொட்ட பெறகும் குழல் போயிட்டே இருக்கா, நின்னுடுச்சா, அதைச் சொல்லு” என்றார்.

காலியான துப்பாக்கியோடு, திறந்து பார்த்து உறுதி செய்த பிறகு, அரை மணி நேரம் அந்தச் சுவரோடு நின்றேன். 410-இல் விசையைத் தொடும் கணத்திலேயே குழல் நின்றுவிட்டது. முனையில் எடையே இல்லாததால் கை நின்றதும் அதுவும் நிற்கிறது. ஓடும் இலக்கில் குழல் நின்றால் ரவை முழுவதும் வாலுக்குப் பின்னால் போகும், அல்லது பின்காலில் மட்டும் படும். அந்தச் சாம்பல் முயலுக்கு நடந்தது அதுவேதான். 37-இல் குழல் நிற்கவில்லை. இரண்டுக்கும் எடையில் 200 கிராம்தான் வேறுபாடு. ஆனால் 37-ஐ ஒற்றை விரல்மேல் வைத்தால் சமநிலைப் புள்ளி ரிசீவருக்கு, அதாவது குழலுக்குப் பின்னால் இயந்திரம் இருக்கும் பெட்டிக்கு, சற்று முன்னால், என் இரண்டு கைகளுக்கும் நடுவில் விழுகிறது. 410-இல் அது விசைக்காப்பு வளையத்துக்கு மேலேயே விழுந்தது.

ஆகவே கடைக்குப் போகும்போது எடை அட்டையைப் படித்ததோடு நிற்க வேண்டாம். விரல்மேல் வைத்துப் பாருங்கள், பிறகு வீசிப் பாருங்கள். 2.7 முதல் 3 கிலோவுக்குள், கைகளுக்கு நடுவே எடை நிற்கும் 20 போர் என்பதுதான் என் சிபாரிசு. அதற்குக் கீழே போகப் போக நடை சுலபம், சுடுவது கடினம்.

இனி 37-ஐப் பற்றி. இதன் வேர் ஜான் பிரவுனிங் வரைந்து 1915-இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு. ரெமிங்டன் அதை மாடல் 17 என்ற பெயரில் 20 போரில் மட்டும் செய்தது. காப்புரிமைகள் காலாவதியானதும் இதாக்கா எடுத்துக்கொண்டு 1937-இல் இதைக் கொண்டுவந்தது. பெயரில் உள்ள 37 அந்த ஆண்டுதான். இதன் ரிசீவரின் பக்கங்களில் ஓட்டையே கிடையாது. தோட்டா உள்ளே போவதும், சுட்ட கூடு வெளியே வருவதும் அடியிலுள்ள ஒரே வாய் வழியாக. முன்பிடியைப் பின்னால் இழுத்தால் கூடு கீழே விழுகிறது, முன்னால் தள்ளினால் அடுத்தது ஏறுகிறது.

வலதுகைக்காரருக்கு இது ஒரு வசதி, அவ்வளவே. எனக்கு இது பெரிய விஷயம். வழக்கமான பம்புகள் காலிக் கூட்டை வலப்பக்கம் எறியும். இடது தோளில் வைத்துச் சுடுபவரின் முகம் இருப்பதும் துப்பாக்கியின் வலப்பக்கம்தான். ஒவ்வொரு முறையும் சூடான கூடு கண்ணுக்கு முன்னால் குறுக்கே பறக்கும், எரிந்த மருந்துத் துகளும் அந்த வழியாகத்தான் வரும். 12 போர் இருந்த காலத்தில் இரண்டாவது குண்டுக்கு நான் கண் சிமிட்டுவேன். சிமிட்டுகிறேன் என்பதே பக்கத்தில் நின்றவர் சொல்லித்தான் தெரிந்தது. 37-இல் கூடு காலடியில் விழுகிறது. குனிந்து பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறேன், காட்டில் ஒரு பிளாஸ்டிக் கூட்டையும் விட்டுவிட்டு வருவதில்லை. பக்கம் மூடியிருப்பதால் தூறலில் நடந்தாலும், முள்ளுக்குள் நுழைந்தாலும், இலைச் சருகும் விதைகளும் உள்ளே புகுவது குறைவு.

இதே வாய் ஒரு பழக்கத்தைக் கட்டாயமாக்குகிறது. பக்க வாயுள்ள துப்பாக்கியில் இழுத்த உடனே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று எட்டிப் பார்த்துவிடலாம். இதில் அது முடியாது. முன்பிடியைப் பின்னால் இழுத்து, குழல் முனை ஆளில்லாத பக்கம் இருக்க, துப்பாக்கியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு சுண்டு விரலை விட்டு, தோட்டா அமரும் அறையையும், மற்றத் தோட்டாக்கள் காத்திருக்கும் மேகசின் குழாயின் வாயையும் தொட்டுப் பார்க்க வேண்டும். வேலியைத் தாண்டும் முன், வண்டியில் வைக்கும் முன், மற்றவர் கையில் கொடுக்கும் முன், ஒவ்வொரு தடவையும். எனக்கு இப்போது இது கதவைப் பூட்டியதும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதுபோல ஆகிவிட்டது. புதிதாக வாங்குபவர் முதல் மாதம் வீட்டிலேயே இதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

சேஃப்டி, அதாவது தவறி வெடிக்காமல் விசையைப் பூட்டி வைப்பது, விசைக்குப் பின்னால் உள்ள குறுக்குப் பொத்தான். வலதுகைக்காரரின் சுட்டுவிரல் தள்ளுவதற்காக வைத்தது. இடது சுட்டுவிரலால் அதைத் தள்ள விரலை வளையத்துக்குள் மடக்க வேண்டியிருந்தது, அது எனக்குப் பிடிக்கவே இல்லை. இடதுகைக்கான மாற்றுப் பொத்தான் கிடைக்கிறது. துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பொருத்திக்கொண்டேன். பொருத்திய பின் என்னோடு வருபவர்கள் எல்லாரிடமும் ‘என் பொத்தான் உங்களுடையதற்கு நேர் எதிர்’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒருவர் துப்பாக்கியை மற்றவர் வாங்கிப் பார்ப்பது சாதாரணமாக நடக்கும், அங்கே இந்த ஒரு வார்த்தை முக்கியம்.

பொத்தானில் கைவைக்கவே விருப்பமில்லாத இடதுகைக்காரர்கள் மோஸ்பெர்க் 500-ஐக் கையில் எடுத்துப் பாருங்கள். சேஃப்டி ரிசீவரின் மேல் பின்புறத்தில், கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும், எந்தக் கையானாலும் ஒன்றுதான். ரிசீவர் அலுமினியக் கலவை என்பதால் 20 போரில் எடையும் அளவாக நிற்கும், தோளில் பதியும் கட்டை நீளம் குறைந்ததாகவும் வருகிறது. கூடு வலப்பக்கம் போகும் என்பதால் மட்டுமே நான் அதை எடுக்கவில்லை. வலதுகைக்காரியாக இருந்திருந்தால் எடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். 1977-இல் வந்த பிரவுனிங் பி.பி.எஸ். இரண்டையும் சேர்த்துத் தருகிறது: அடிவாய், மேலே சேஃப்டி. வடிவமைப்பில் எனக்கு மிகவும் பொருந்துவது அதுதான். ஆனால் முழுக்க எஃகு, 20 போரே 3 கிலோவைத் தாண்டுகிறது, அந்தக் கூடுதல் எடையை என் நான்காம் மணி நேரம் ஏற்றுக்கொள்ளவில்லை. உங்கள் கை வலுவானதென்றால் அதைப் பாருங்கள். ரெமிங்டன் 870 பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, 1950-இலிருந்து ஒரு கோடிக்கு மேல் விற்ற துப்பாக்கி, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரியாதவர் இல்லை. பழைய வின்செஸ்டர் மாடல் 12-இன் 20 போர் கிடைத்தால் ஒருமுறை தோளில் வைத்தாவது பாருங்கள். 1912-இல் அது முதலில் வந்ததே 20 போரில்தான். லேசான பம்ப் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அப்போதே ஒருவர் யோசித்து முடித்திருக்கிறார்.

உதை பற்றிக் கேட்பார்கள். மறைக்காமல் சொல்கிறேன், லேசான துப்பாக்கி உதைக்கும். அதே தோட்டாவை 3.3 கிலோ துப்பாக்கியிலும் 2.7 கிலோ துப்பாக்கியிலும் சுட்டால், லேசானதில் பின்னுதைப்பின் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். எடை எந்த விகிதத்தில் குறைகிறதோ அந்த விகிதத்தில் உதை ஏறும், அதிலிருந்து எந்தத் துப்பாக்கியும் தப்பாது. நாளொன்றுக்கு இரண்டு மூன்று தோட்டா சுடும் வேட்டையில் இது எனக்குத் தெரிவதே இல்லை. அதே துப்பாக்கியோடு தட்டு சுடப் போனால், ஐம்பதாவது தோட்டாவில் கன்னம் கட்டையை விட்டு விலகத் தொடங்கும். ஆகவே பயிற்சிக்கு 21 கிராம் ரவையுள்ள மென்மையான 20 போர் தோட்டாக்களை வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு தடவைக்கு 25-க்கு மேல் சுடுவதில்லை. வாரம் தவறாமல் தட்டு சுடுபவர் அதற்கென்று கனமான வேறொன்றை வைத்துக்கொள்வதே நல்லது.

உதையில் பாதி கட்டையின் நீளத்தால் வருவது. பொதுவாக விசையிலிருந்து கட்டையின் முனை வரை 14 அங்குலம் பக்கம் இருக்கும், சராசரி ஆணின் கைக்கு அது. எனக்கு 13 தான் சரி. நீளம் அதிகமானால் தோளில் பதிக்கும்போது சட்டையில் சிக்கும், தோள்குழியில் அமராமல் புஜத்தில் போய் உட்காரும், அங்கேதான் நீலம் பாரிக்கும். முதல் பருவத்தில் என் புஜத்தில் இருந்த நீலத் தடத்துக்குத் தோட்டாவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். கட்டையை ஓர் அங்குலம் வெட்டி, மெத்தென்ற ரப்பர் அடியைப் பொருத்தியதும் போய்விட்டது. வெட்டிய துண்டை எறிய வேண்டாம். பிற்பாடு யாருக்காவது நீளம் வேண்டுமென்றால் திரும்ப ஒட்டலாம். அளவு பார்க்கும்போது வேட்டைக்குப் போடும் தடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு பாருங்கள். மெல்லிய சட்டையில் சரியாக இருந்தது குளிரில் நீளமாகிவிடும்.

சோக், அதாவது குழல் முனையின் இறுக்கம், அந்த விஷயத்துக்கு வருகிறேன், என்னால் இதில் அரை நாள் பேச முடியும். என் குழலில் சோக் மாற்ற முடியாது, குழலோடு சேர்ந்தது, இம்ப்ரூவ்டு சிலிண்டர் என்று பொறித்திருக்கிறது. அதாவது முனையில் மிகச் சிறிய இறுக்கம். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் பாதி ரவை விழும் என்பது அதன் பாடப்புத்தக அளவு. அதைவிட இறுக்கமான மாடிஃபைடு 60 சதவீதம், இன்னும் இறுக்கமான ஃபுல் 70. பழைய துப்பாக்கிகளில் ஃபுல் சோக் அதிகமாகக் கண்ணில் படும். தூரமாகச் சுடலாமே என்று அதை வாங்குகிறார்கள். முயலும் கவுதாரியும் காலடியிலிருந்து கிளம்புகின்றன, 15 முதல் 25 மீட்டரில் சுடுகிறோம். அந்தத் தூரத்தில் ஃபுல் சோக்கின் ரவை ஒரு தட்டு அளவுக்குள் குவிந்திருக்கும். ஒன்று மொத்தமாகத் தவறும், இல்லையென்றால் கறி முழுவதும் ஈயம்.

பொறித்ததை நம்பாமல் காகிதத்தில் சுட்டுப் பார்த்தேன். பெரிய பழுப்புக் காகிதம், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, ஒரு தூரத்துக்கு ஐந்து தாள். சுட்ட பிறகு அடர்த்தியான இடத்தை மையமாக வைத்து 75 சென்டிமீட்டர் வட்டம் வரைந்து, ஒவ்வொரு ஓட்டையையும் பேனாவால் கிழித்துக்கொண்டே எண்ணினேன். ஒரு ஞாயிறு முழுக்க ஓடிவிட்டது. 25 மீட்டரில் சராசரி 151. 30 மீட்டரில் 128. 35 மீட்டரில் 104, அதுவும் ஒரு தாளில் என் உள்ளங்கை அளவுக்கு ஒரு ரவைகூட இல்லாத வெற்றிடம். என் எல்லை 30 மீட்டர் என்று அன்றே எழுதி வைத்துவிட்டேன். அதற்கு அப்பால் ஓடும் முயலை நான் சுடுவதில்லை. நடக்கும்போது முன்னால் தெரியும் மரத்தை 30 மீட்டரா என்று மனதில் கேட்டு, பிறகு காலடியால் அளந்து பார்ப்பேன். முதலில் எல்லாமே தவறாக இருந்தது, 40-ஐ 30 என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ஓரிரு அடிதான் பிசகுகிறது.

ஈயம் தடை செய்யப்பட்ட இடங்களில் எஃகு ரவைதான் போட வேண்டும். எஃகு ஈயத்தைவிட லேசு, அதே அளவில் வேகமாக ஆற்றலை இழக்கும். இரண்டு படி பெரிய ரவையாக எடுங்கள், 6-க்குப் பதில் 4, எண் குறையக் குறைய ரவை பெரிது. பழைய குழலில், முக்கியமாக இறுக்கமான சோக்கில், எஃகு ரவையைச் சுடுமுன் பழுது பார்ப்பவரிடம் காட்டிக் கேளுங்கள். ஈயம் நசுங்கி வழிவிடும், எஃகு விடாது.

பழைய 37 வாங்குபவர்களுக்கு இரண்டு விஷயம். 1970-களின் நடுப்பகுதி வரை வந்தவற்றில், விசையை அழுத்திப் பிடித்தபடியே முன்பிடியைத் தள்ளினால் அறை பூட்டியதும் தானாக வெடிக்கும். அந்தக் காலத்து இயந்திர அமைப்பு அப்படி. இரண்டாம் தோட்டாவுக்கு இழுக்கும்போது விரலை விசையிலிருந்து எடுக்கும் பழக்கம் இல்லாதவர் அதைத் தொட வேண்டாம். அடுத்தது அறையின் நீளம். என்னுடையது இரண்டே முக்கால் அங்குலம். மூன்று அங்குல மேக்னம் தோட்டாவின் முனை மடிந்திருப்பதால், சுடும் முன் அது அதற்குள் போய் உட்கார்ந்துவிடும். சுடும்போது அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். உள்ளே போனால் சரி என்று நினைக்கக் கூடாது, குழலில் பொறித்திருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தோட்டாவைப் பற்றிப் பேசும்போது என் உடம்பு சிலிர்த்த ஒரு நாளைச் சொல்லியே ஆக வேண்டும். 20 போர் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவதற்குக் காரணம் உண்டு. 12 போர் குழலில் 20 போர் தோட்டாவைப் போட்டால் அது அறையைத் தாண்டி நழுவி, குழல் குறுகும் இடத்தில் சிக்கி நிற்கும். விசையை அழுத்தினால் ‘டிக்’ என்று மட்டும் கேட்கும். சுடவில்லையே என்று பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டால் அது தாராளமாகப் பொருந்தும். அதை வெடித்தால் குழல் கையிலேயே பிளந்துவிடும். 37 வந்த பிறகும் அந்த 12 போர் என் வீட்டில் ஒரு மாதம் இருந்தது. ஒருநாள் அதை விற்பதற்காகத் துடைத்து வைத்துவிட்டு, அதற்கென்று போட்டிருந்த சட்டையின் பையில் கை விட்டேன். சிவப்புத் தோட்டாக்களுக்கு நடுவே மஞ்சளாக ஒன்று. நான்தான் போட்டிருக்கிறேன், எப்போது என்று நினைவில்லை. அன்று மாலைக்குள் வீட்டிலிருந்த ஒவ்வொரு 12 போர் தோட்டாவையும் துப்பாக்கியோடு சேர்த்து அனுப்பிவிட்டேன். இரண்டு போரும் வைத்திருப்பவர்கள் சட்டை வேறு, பை வேறு, அலமாரி வேறு என்று பிரித்து வையுங்கள். ஒரு போர் மட்டும் வைத்துக்கொள்வது அதைவிட நல்லது.

பம்பை முதன்முதலில் எடுப்பவர்கள் எல்லாரும் செய்யும் ஒன்று, மெதுவாக இழுப்பது. லேசான துப்பாக்கியை மென்மையாகக் கையாளத் தோன்றும். பாதியில் நிறுத்தி முன்னால் தள்ளினால் கூடு சரியாக வெளியேறாது, அடுத்தது ஏறாது. பின்னால் முட்டும் வரை இழுக்க வேண்டும், முன்னால் முட்டும் வரை தள்ள வேண்டும். துப்பாக்கி தோளிலேயே இருக்க வேண்டும், கண் இலக்கைவிட்டு நகரக் கூடாது. மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களை வாங்கி நாளுக்கு இருபது முறை இழுத்தேன். மூன்று வாரத்தில் கை தானாகச் செய்யத் தொடங்கியது.

பராமரிப்பு சுலபம். மேகசின் முனைத் திருகைத் தளர்த்தி, குழலைக் கால் சுற்றுத் திருப்பினால் கழன்று வந்துவிடும். பையில் இரண்டு துண்டாகப் போட்டுக்கொள்ளலாம். நனைந்த நாளில் குழலைக் கழற்றி மேகசின் குழாயைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுவேன், முன்பிடிக்குள் ஈரம் தங்குவதால் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். மிகப் பழைய 37-களில் குழல் அந்தந்த ரிசீவருக்கென்றே பொருத்தப்பட்டது, வேறு குழல் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு அவற்றை வாங்க வேண்டாம்.

போன பருவத்து 43 தோட்டாவில் முயல் 14, கவுதாரி 9. அடிபட்டுக் கைக்குச் சிக்காமல் போனது ஒன்று, ஒரு கவுதாரி, அடர்ந்த முள்ளுக்குள் விழுந்தது. அதை நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், தூரத்தோடு: 28 மீட்டர், எல்லைக்குள்தான். குழல் நிற்கவில்லை, நான்தான் முன்னால் போதுமான அளவு கொண்டுபோகவில்லை. அடுத்த பருவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தினமும் காலையில் காலித் துப்பாக்கியோடு அந்தச் சுவரின் முன் நிற்கிறேன்.